திருகியும் அசையாத முகப்பு விளக்கு

காரின் முகப்பு விளக்கினுள் பல்பின் ஒளியைத் திரட்டிச் சாலைமீது பாய்ச்சும் குழிந்த பகுதிக்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். இது பொதுவாக வெளிக்கூட்டுக்குள் மூன்று முனைகளில் தாங்கி நிற்கிறது; ஒரு முனை நிலையான மூட்டாக இருக்க, மற்ற இரண்டிலும் உள்ள திருகாணிகளுள் ஒன்று ஒளியை மேலும் கீழுமாகவும், மற்றொன்று இடமும் வலமுமாகவும் நகர்த்துகின்றன.

திருகாணி தடையின்றிச் சுழன்றும் சுவரில் விழும் ஒளி அசையாவிட்டால், அதன் உருண்டைத் தலை பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் குழியையே முதலில் ஐயுற வேண்டும். பல்பின் வெப்பமும் எஞ்சினின் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் தாக்க, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடுகிறது. உருண்டை கழன்றதும் ரிஃப்ளெக்டர் பிடிப்பிழந்து தொங்குவதால், விளக்கை விரலால் இலேசாகத் தட்டினாலே சுவரில் ஒளி நடுங்குவதைக் காணலாம். மாறாக, திருகாணி சுழலவே மறுத்தால் துருவே காரணமாகலாம். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டுமேயன்றி, வலிந்து முறுக்கினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்துவிடும். இவை இரண்டும் சரியாக இருந்தும் ஒளி ஒழுங்குபடாவிட்டால், பல்ப் தன் காடியில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதையும், பழைய மோதலில் விளக்கின் தாங்கிகள் உடைந்தோ வளைந்தோ உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழுது நீங்கியபின், டயர்களில் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கு மையத்தின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. தாழ விழுமாறு அமைப்பது வழக்கம். இது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு; ஒரு பாகை மேலேறினால் அவ்விளிம்பு 17 செ.மீ.க்கு மேல் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணை நேராகத் தாக்கும்.

உடைந்தது குழி மட்டுமே என்றால், அதைத் தனியே வாங்கிப் பொருத்துவதே சிக்கனம். ஆனால் அதற்காக விளக்கின் ஒட்டப்பட்ட முன்கண்ணாடியைப் பிரிக்க நேர்ந்து, மீண்டும் ஒட்டும்போது இடைவெளி ஏற்பட்டுவிட்டால், ஈரம் புகுந்து ரிஃப்ளெக்டரின் பூச்சு கெடும்; ஆகவே அவ்வேலையில் தேர்ந்தவர் கிடைக்காத இடத்தில் முழு விளக்கையும் மாற்றிவிடுவதே நல்லது.