முத்திரையில் அச்சான பெயர்

ஜார்ஜியா மாநிலத்தில் வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. நவம்பர் 3-ம் தேதி வாக்களிக்க விரும்புவோர் அதற்குள் பெயர் சேர்த்தாக வேண்டும். இந்தத் தேதியை வெளியிட்ட நாள்முதல் அட்லாண்டாவைச் சுற்றி வாழும் வாசகர்களின் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆளுநர், செனட்டர் பதவிகளைப் பற்றி அவற்றில் சந்தேகமே இல்லை. வாக்குச்சீட்டில் கீழே வரும் ஒரு வரிதான் எல்லோரையும் குழப்பியிருக்கிறது: வேளாண் ஆணையர். “எங்களுக்கு இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. இந்தப் பதவிக்கு நாங்கள் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்? விட்டுவிடலாமா?” என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்.

விட வேண்டாம். நிலம் இல்லாதவர்தான் இந்த ஆணையரை அதிகம் நம்பி வாழ்கிறார். ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்தப் பதவி எதைச் செய்கிறது?

விவசாயத்தை வளர்ப்பதும் நுகர்வோரைக் காப்பதும் தங்கள் பணி என்று துறை சொல்கிறது. ஒரே மூச்சில் சொல்லப்படும் இந்த இரண்டையும் பிரித்தே படிக்க வேண்டும். கடலை விற்பவருக்குச் சந்தை தேடிக் கொடுப்பது ஒரு வேலை. அந்தக் கடலையில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து ஆலையை மூடச் சொல்வது வேறொரு வேலை. இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

பெட்ரோல் பம்ப் சரியாக அளக்கிறதா, மளிகைக் கடைத் தராசு சரியாக நிறுக்கிறதா, கடையின் குளிர்பெட்டி சுத்தமாக இருக்கிறதா, விதையும் உரமும் மூட்டையில் எழுதியபடி இருக்கின்றனவா, நாய்க்குட்டி விற்பவருக்கு உரிமம் உண்டா என்பதையெல்லாம் ஜார்ஜியாவில் இந்தத் துறைதான் பார்க்கிறது. 1874-ல் தொடங்கப்பட்ட இத்துறை, அமெரிக்க மாநிலங்களில் வேளாண்மைக்கென அமைந்த முதல் துறை. 50 மாநிலங்களில் 12 மட்டுமே இதன் தலைவரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கின்றன. மற்ற மாநிலங்களில் அது நியமனப் பதவி.

பம்பில் ஒட்டியிருக்கும் தாள்

எனக்கு உறுத்தலான இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பம்பைச் சோதிக்க வரும் ஆய்வாளர் 5 கேலன் கொள்ளும் அளவுக் கலனோடு வருகிறார். பம்பின் காட்டி 5 கேலனைத் தொடும்வரை அதில் பெட்ரோலைப் பிடிக்கிறார். கலனின் கழுத்தில் உள்ள கோடுகளைப் பார்த்து உண்மையில் எவ்வளவு வந்தது என்று கணக்கிடுகிறார். 6 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 100 மில்லி, கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் பம்பைச் சரிசெய்தாக வேண்டும். சோதனை முடிந்ததும் பிடித்த பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. எளிமையான, நேர்மையான வேலை. வெயிலில் நின்று அதைச் செய்பவர் ஒரு சம்பளக்கார ஊழியர்.

வேலை முடிந்ததற்கு முத்திரையாகப் பம்பில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. வண்டிக்குப் பெட்ரோல் போடும் சில நிமிடங்களும் நம் கண்ணுக்கு நேரே இருக்கும் அந்தத் தாளில், ஜார்ஜியாவில் பல பத்தாண்டுகளாக ஆணையரின் பெயரே அச்சாகி வந்திருக்கிறது. அந்தப் பெயர்தான் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டிலும் வருகிறது.

யாரிடம் புகார் சொல்வது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் போதும். ஆணையர் மாறினாலும் எண் மாறாது. பெயர் போட்டால்தான் ஒவ்வொரு ஆணையருக்கும் புதுத் தாள் அடிக்க வேண்டியிருக்கிறது. வேட்பாளர் ஒருவர் மாநிலத்தின் ஒவ்வொரு பங்க்கிலும் தன் பெயரைச் சொந்தச் செலவில் ஒட்டினால் அதற்குப் பெயர் விளம்பரம். பதவியில் இருப்பவருக்கு அதே வேலையை அரசே செய்து கொடுக்கிறது. அவருக்கு எதிராக நிற்பவருக்கு அந்த இடம் கிடைக்கவே வழியில்லை.

டாமி இர்வின் என்பவரின் அரசியல் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். வாரத்துக்கு உழுத ஏழை விவசாயியின் மகன். மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர், பிறகு ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். 1969-ல் அப்போதைய வேளாண் ஆணையர் ஃபில் கேம்பெல் வாஷிங்டனுக்குப் போனதும் காலியிடத்தில் மேடக்ஸ் இவரை நியமித்தார். 1970 தேர்தலை இர்வின் ஏற்கெனவே ஆணையராக இருந்துகொண்டு சந்தித்தார். அதிலிருந்து 2006 வரை 10 தேர்தல்களிலும் வென்று, 2011 ஜனவரியில் தானாக விலகினார். மொத்தம் 42 ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஜார்ஜியா ஒரு கட்சியின் கோட்டையாக இருந்து இன்னொரு கட்சியின் கோட்டையாக மாறியது. தோல்விகள் தன் கட்சியைச் சூழ்ந்தபோதும் ஜனநாயகக் கட்சிக்காரரான இர்வின் அசையவில்லை. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் 42 ஆண்டுகளில் எத்தனை பேர் எத்தனை முறை அந்தத் தாளுக்கு எதிரில் நின்றிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வெற்றிகளை எடைபோட வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் பம்புக்கு முன்னால் உர மூட்டை இருந்தது. 1920-களில் ஜே. ஜே. பிரவுன் ஆணையராக இருந்தபோது, உரத்தைச் சோதிக்க ஊர் ஊராகப் போன ஆய்வாளர்கள் அவருக்காக ஓட்டும் திரட்டினார்கள். 1926-ல் அந்தப் படையைத் தாக்கிப் பேசியே ஒருவர் பிரவுனைத் தோற்கடித்தார். டெல்ஃபேர் கவுண்டியில் பண்ணை வைத்திருந்த அந்த வழக்கறிஞரின் பெயர் யூஜின் டால்மட்ஜ்.

எதிர்த்து வந்தவர் அந்தப் பழக்கத்தை ஒழிக்கவில்லை, அதைவிடக் கூர்மையான ஒன்றைக் கையில் எடுத்தார். 1917 முதல் துறை ‘மார்க்கெட் புல்லட்டின்’ என்ற இதழை விவசாயிகளுக்கு நடத்தி வந்தது. கோவேறு கழுதை விற்பனைக்கு, விதை தேவை, கோழிக்குஞ்சு கிடைக்கும் என்பது போன்ற விளம்பரங்களுக்காக அதைக் கிராம வீடுகளில் ஆவலோடு படித்தார்கள். டால்மட்ஜ் அதில் தன் அரசியல் கருத்துகளை எழுதினார். அரசு அச்சடித்தது, அரசு அனுப்பியது, படித்தவர்கள் வாக்காளர்கள்.

அது ஏன் அவ்வளவு பலித்தது என்பதற்கு அன்றைய வாக்கு எண்ணும் முறையில் விடை இருக்கிறது. கட்சியின் உள்தேர்தலில் தலைகளை எண்ணாமல் கவுண்டிகளை எண்ணினார்கள். பெரிய கவுண்டிகள் 8-க்குத் தலா 6 அலகு, அடுத்த 30-க்குத் தலா 4, எஞ்சிய 121-க்குத் தலா 2. அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டிக்கு 6 அலகு. மூன்று சின்னஞ்சிறு கவுண்டிகள் சேர்ந்தால் அதற்குச் சமம். கிராம வீட்டுக்குப் போகும் ஓர் அரசு இதழுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்தல் முறை அமைய முடியாது. 1963-ல்தான் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது.

டால்மட்ஜின் கணக்குவழக்குகள் 1931-ல் சட்டமன்ற விசாரணைக்கு வந்தன. உரக் கட்டணத்தைச் சட்டப்படி கருவூலத்தில் கட்டவில்லை என்று செனட் குழு கண்டது. தனக்கும் குடும்பத்தாருக்கும் சம்பளமும் செலவுமாக 40,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார், துறைப் பணத்தில் பன்றிகளை வாங்கி சிகாகோவில் விற்று நட்டப்பட்டார் என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. விலையை உயர்த்தி விவசாயிக்கு உதவவே பன்றி வாங்கினேன் என்றார் அவர். அடுத்த ஆண்டே, 1932-ல், ஆளுநர் தேர்தலில் வென்றார். வெள்ளையர் மேலாதிக்கத்தை வெளிப்படையாக முழங்கிய அவரை, 1946-ல் நான்காவது முறையும் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்பதற்கு முன்பே அந்த டிசம்பரில் இறந்துபோனார். உரக் கட்டணக் கணக்கு அவரை எந்தத் தேர்தலிலும் வீழ்த்தவில்லை.

முத்திரை பொய்த்த நாள்

பெயர் எங்கே அச்சானால் என்ன, வேலை நடந்தால் சரி என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு பிளேக்லி என்ற ஊரைக் காட்டுகிறேன்.

ஜார்ஜியாவின் தென்மேற்கு மூலையில், நிலக்கடலை வட்டாரத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கிருந்த பீநட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா ஆலையின் கடலைப் பொருள்களால் 2008-லும் 2009-லும் சால்மொனெல்லா கிருமி பரவி 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்கள் மாநில வேளாண் துறை ஆய்வாளர்கள். மத்திய உணவு மருந்து நிர்வாகம் தன் சார்பில் சோதிக்கும் வேலையையும் ஒப்பந்தத்தில் மாநிலத்திடமே விட்டிருந்தது. அவர்கள் எழுதிவைத்தவை பெரும்பாலும் சிறு குறைகள். ஆலையின் சொந்தச் சோதனைகளிலேயே கிருமி இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருந்தும் சரக்கு வெளியே போனதை, நாடு முழுக்க நோய் பரவிய பிறகே அதிகாரிகள் அறிந்தார்கள். அந்த முடிவுகளை அரசிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை.

இத்தனைக்கும் 2007-லேயே அதே மாநிலத்தின் சில்வெஸ்டர் ஊர் ஆலையிலிருந்து வந்த கடலை வெண்ணெயால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றிருந்தார்கள். ஓர் எச்சரிக்கை ஏற்கெனவே கிடைத்திருந்தது. 2009-ல்தான் ஜார்ஜியா சட்டம் போட்டது: கிருமி தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம், நாட்டிலேயே முதல் சட்டம். ஒன்பது பேர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆலை உரிமையாளர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015-ல் 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

குற்றம் செய்தது நிறுவனம். அதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை முத்திரையைப் பற்றியது. ஒருவர் வந்து பார்த்தார் என்று அது உறுதி சொல்ல வேண்டும். எவ்வளவு ஆழமாகப் பார்த்தார், என்ன சட்டம் அவர் கையில் இருந்தது, எத்தனை ஆய்வாளர்கள் எத்தனை ஆலைகளைப் பார்க்கிறார்கள் என்பவை தேர்தலில் பேசப்பட வேண்டியவை. பழகிய பெயர் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. பம்பில் பார்த்த பெயர்மீது வந்த நம்பிக்கை, யாரும் சரியாகப் பார்க்காத ஆலைக்கும் சேர்ந்தே போய்விடுகிறது.

அப்படியானால் நியமனமே மேலா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல மாட்டேன். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஆளுநர் நீக்க முடியாது. டெக்சஸில் 1982-ல் வென்ற ஜிம் ஹைடவர் அந்தத் துணிவில்தான் பூச்சிமருந்துக் கட்டுப்பாடுகளை இறுக்கினார். மருந்து உற்பத்தியாளர்களும் பெரும் விவசாயிகளின் அமைப்பும் அவருக்கு எதிராகத் திரண்டார்கள். 1990-ல் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் ரிக் பெர்ரியிடம் தோற்றார். பெர்ரி அங்கிருந்து துணை ஆளுநராகி, 2000 முதல் 2015 வரை ஆளுநராக இருந்து, பிறகு மத்திய எரிசக்தி அமைச்சருமானார். கட்டுப்படுத்தப்படுவோரைப் பகைத்துக்கொண்டால் பழகிய பெயரும் காப்பாற்றாது என்பதே நான் இதில் படிக்கும் பாடம்.

ஆகவே தேர்தலை ஒழிக்க வேண்டியதில்லை, முத்திரையிலிருந்து பெயரை எடுத்தால் போதும். இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. புளோரிடாவில் 2019-ல் ஆணையர் நிக்கி ஃப்ரீட் பம்ப் தாளில் தன் படத்தையே போட்டார். அடுத்த ஆண்டு சட்டமன்றம் அதற்குத் தடை போட்டது. எதிர்க்கட்சிக்காரர் என்பதால் செய்தார்கள் என்று சொல்லப்பட்டது. இருக்கலாம், ஆனாலும் விதி சரியானதுதான். டெக்சஸ் இன்னும் ஒரு படி போய், 2020-ல் பெட்ரோல் பம்ப் சோதனையையே வேளாண் துறையிடமிருந்து எடுத்து, தலைவர் தேர்தலில் நிற்காத உரிமத் துறைக்கு மாற்றிவிட்டது.

மற்ற கேள்விகள்

பம்பில் பெயர் வந்தால் வெற்றி நிச்சயமா? இல்லை, 12 ஆண்டுகள் ஆணையராக இருந்த கேரி பிளாக், 2022 செனட் உள்தேர்தலில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹெர்ஷல் வாக்கரிடம் தோற்றார்.

இது வேளாண் துறைக்கு மட்டும் உள்ள நோயா? இல்லை; வட கரோலினாவில் தொழிலாளர் ஆணையர் செரி பெர்ரியின் படம் மாநிலத்தின் லிஃப்டுகளில் எல்லாம் பல ஆண்டுகள் இருந்தது.

உணவகச் சுத்தத்தையும் இவர்தான் பார்க்கிறாரா? ஜார்ஜியாவில் அது பொதுச் சுகாதாரத் துறையின் வேலை. மளிகைக் கடைதான் இவருடையது.

‘மார்க்கெட் புல்லட்டின்’ இன்னும் வருகிறதா? வருகிறது, இப்போது சந்தா கட்ட வேண்டும்.

பதவிக்காலம் எவ்வளவு? நான்கு ஆண்டுகள்.

வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்? ஆய்வாளர்கள் எத்தனை பேர், ஓர் ஆலைக்கு ஆண்டில் எத்தனை முறை போகிறார்கள், முத்திரையில் உங்கள் பெயர் இருக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

அந்த ஒரு வரியை நிரப்பாமல் விட்டால் என் சீட்டு செல்லாமல் போகுமா? போகாது; ஆனால் உங்கள் சமையலறைக்கு வரும் கடலையை யார் சோதிப்பது என்ற முடிவில் உங்களுக்குப் பங்கிருக்காது.