ஒரே வெள்ளி, வேறு விலை

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் பூசையறைப் பெட்டியைத் திறந்தால், விக்டோரியா தலையோ ஜார்ஜ் தலையோ பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு இருப்பது வியப்பன்று. அதைத் தியாகராய நகரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துச் சென்றால், கடைக்காரர் தராசில் இடுவார். 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அன்றைய வெள்ளி விலையில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆயினும், ஒரே ஆண்டில் ஒரே நாணயச்சாலையில் அடித்த இரு ரூபாய்களுள் ஒன்று வெள்ளி விலைக்கும், மற்றொன்று அதைப்போல் பல மடங்கு விலைக்கும் போவதுண்டு. எடையும் உலோகமும் ஒன்றாயிருக்க, இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

நாணயத்தின் மேற்பரப்பிலிருந்து வந்தது.

வெள்ளி வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து அடிக்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வின் தடமாக, கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத நுண்கோடுகள் ஆரை வாக்கில் அமைகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு சிறு சாய்ந்த ஆடி எனலாம். புழங்காத நாணயத்தை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஒளிப்பட்டை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழன்று வரும். இந்த ஒளிர்வு ஒருமுறை அழிந்தால் மீளாது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து நாணயத்தையும் புளியும் திருநீறும் இட்டுத் துலக்குகிறோம்! கறுப்புப் படலம் போகிறது. துகள்கள் தேய்த்த தேய்ப்பில் நுண்கோடுகளும் போகின்றன. நாணயம் பளிச்சென்று மின்னும். ஆனால் அந்த ஒளிப்பட்டை சுழலாது. உண்மையில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் மெல்லிய வெள்ளி சல்பைடுதான். அதை அப்படியே விட்டிருக்கலாம். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாய்களின் கதியும் இதுவே.

மேற்பரப்பின் நிலையை எண்ணால் குறிக்கும் முறையை 1949-இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர். தம் நாட்டுப் பழைய செம்புச் சென்டுகளுக்காக அவர் 1 முதல் 70 வரை தரம் வைத்தார். தரம் 1 உள்ள காசு ஒரு டாலர் என்றால், தரம் 70 உள்ளது எழுபது டாலர் என்பது அவர் எண்ணம். சந்தை இந்த நேர்விகிதத்துக்கு அடங்கவில்லை. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60-க்கு மேல் புழங்காத நாணயங்கள். 64-க்கும் 65-க்கும் இடையே கண்ணுக்குத் தெரிவது ஓரிரு கீறல்களே. ஆனால் உச்சப் படிகளில் எஞ்சியிருக்கும் காசுகள் மிகச் சில, கேட்போர் பலர். ஆகவே விலை தாவுகிறது.

இவ்வளவு பணம் ஓர் எண்ணைச் சார்ந்திருக்கும்போது, அந்த எண்ணை யார் சொல்வது? வியாபாரி வாங்கும்போது 'தேய்ந்த காசு' என்பார். விற்கும்போது அதுவே 'புதிது மாதிரி' ஆகிவிடும். இதற்கு மாற்றாகவே அமெரிக்காவில் 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் எழுந்தன. வல்லுநர்கள் நாணயத்தைப் பார்த்துத் தரம் குறித்து, தெளிந்த பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டுத் தருவார்கள். தேய்த்துத் துலக்கிய காசுக்குப் பொதுவாக எண் கிடைக்காது. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்பே கிடைக்கும்.

போலியைக் காண்பதும் இவர்கள் வேலை. 1939 ரூபாய் மிக அரிது. 1938 ரூபாய் எளிதில் அகப்படும். எனவே 8-ஐச் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தியை அளந்தால் இரண்டிலும் ஏறத்தாழ 10.3 தான் வரும். வெள்ளி அசல் வெள்ளியாயிற்றே! உருப்பெருக்கியின் கீழ் அந்த ஒற்றை இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பே பொய்யைக் காட்டும்.

இருப்பினும், தரம் என்பது எடையைப் போன்ற அளவீடு அன்று. அது தேர்ந்த கண்ணின் தீர்ப்பு. உறையை உடைத்து மறுபடி அனுப்பி, ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றவர்களும் உண்டு. எளிதில் கிடைக்கும் தேய்ந்த ரூபாய்க்கோ மதிப்பீட்டுக் கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும்.

நமக்கு வேறொரு தடையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள் ஆகும். மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறெவரும் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. சென்னை நாணயச்சாலையில் 1807-ஐ ஒட்டி அடித்த வெள்ளி அரை வராகனை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கோபுரம், மறுபுறம் திருமால். ஸ்பானிய டாலர்கள் மீதே பலவற்றை அடித்ததால், சிலவற்றில் பழைய அச்சின் மிச்சம் மங்கலாகத் தெரியும். இதைப் பழுதென்று கொள்ளாமல் படித்தறியும் கண் உள்நாட்டிலேயே வேண்டும். தரம் கேட்டு அந்தக் காசை அமெரிக்காவுக்கு அஞ்சலில் போட இயலாது. 1939 ரூபாய்க்கு இத்தடை வர 2039 ஆகும்.