கல்லூரி திறக்கும் முன் இரண்டு மாதம்: சேவை சரி, கூலி எங்கே?

பிளஸ் 2 தேர்வு முடிவு 2024இல் மே 6ஆம் தேதி வந்தது. 2025இல் மே 8ஆம் தேதி வந்தது. கல்லூரியில் முதலாண்டு வகுப்பு தொடங்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். இந்த இடைவெளியில் புது மாணவர்களைச் சமூகப் பணியில் இறக்கும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஹார்வர்டில் சேரும் மாணவர்களில் ஒரு பகுதியினர், வகுப்பு தொடங்கும் முன் பாஸ்டன், கேம்பிரிட்ஜ் நகரங்களில் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளியில் உண்டு, கல்லூரியிலும் உண்டு. நடுவில் உள்ள இந்த இரண்டு மாதம்தான் யார் கணக்கிலும் இல்லை.

அந்த இரண்டு மாதம் நம் குடியிருப்புப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? சித்தாள் வேலைக்கு, கேட்டரிங்குக்கு, செங்கல் சூளைக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. சேர்க்கைக் கட்டணமும் பஸ் செலவும் அந்தக் கூலியில்தான். சிலர் திரும்பிப் படிக்க வருவதே இல்லை. மார்க் குறைவு காரணமல்ல. கூலி கைக்கு வந்துவிட்டது, சான்றிதழ் கைக்கு வரவில்லை.

யாருக்குத் தெரியும் வழி?

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? போன வருடம் இதே கவுண்டரில் அலைந்த அதே தெரு அக்காவுக்கும் அண்ணனுக்கும்தான் வழி தெரியும். அவர்களையும் புதிதாகச் சேருபவர்களையும் மே, ஜூன் மாதங்களில் ஒன்றாக உட்கார வைத்தால் போதும். காலையில் விண்ணப்ப உதவி, மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு. கோடையில் பூட்டிக் கிடக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளைத் திறந்துவிட்டால் இடமும் தயார்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கப் பிளஸ் 2 படிப்பே போதும் என்று அரசு ஏற்றுக்கொண்டது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது.

சேவையா, வெட்டியா?

சேவை என்றால் காசு கேட்கக் கூடாது என்பார்கள். கூலி இல்லாத வேலைக்கு நம் சேரிகளில் வேறு பெயர் உண்டு: வெட்டி. சாவுச் சேதி சொல்ல, பறையடிக்க, செத்த மாட்டைத் தூக்க என்று தலைமுறை தலைமுறையாக வாங்கப்பட்ட வேலை அது. ஆகவே கூலியில்லாச் சேவையை நம் பிள்ளைகளிடம் கேட்பவர்கள் யோசித்துக் கேட்க வேண்டும். கோடையில் சும்மா வேலை செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் முடியும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது இழந்துபோன இரண்டு மாதச் சம்பளம்.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கான கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்குக் குறையாமல் கொடுத்தால் சூளைக்குப் போகும் பிள்ளை இங்கே வரும்.

இன்னொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முகாம் என்றாலே கோயில் வாசல் கூட்டுவதும் சாக்கடை அள்ளுவதும் என்று ஆகிவிடக் கூடாது. யார் கையில் பேனா, யார் கையில் துடைப்பம் என்பது இந்த ஊரில் எப்போதும் சாதிக் கேள்விதான்.

மாவட்ட ஆட்சியரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் மனம் வைத்தால் வரும் மே மாதமே தொடங்கலாம். அதுவரை பெற்றோர்கள் ஒன்று செய்யுங்கள்: தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே சான்றிதழ்களுக்கு எழுதிப்போடுங்கள். தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளையின் பஸ் செலவைக் கொடுத்துவிடுங்கள்.