ஒலி அளக்கும், கதிர் அழிக்கும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலை ஒட்டி இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. விரல் பருமனுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியை மலக்குடல் வழியே செலுத்தினால் சுரப்பி நன்றாகத் தெரியும். கருவியை 5 மி.மீ. வீதம் நகர்த்தி அடுக்கடுக்காகப் படமெடுப்பார்கள். சுரப்பியின் அளவும் சிறுநீர்க் குழாயின் தடமும் இவற்றில் பதிவாகும். புற்றுநோயை அழிக்கச் சுரப்பிக்குள் கதிரியக்க விதைகளை எங்கெங்கே வைப்பது என்பதை இப்படங்களைக் கொண்டே கணினியில் திட்டமிடுவார்கள்.

வரிசைத் துளைகள் கொண்ட பலகை வழியே விதைகளை வைக்கும் ஊசிகள் நுழையும். திரையில் ஒவ்வொன்றும் வெண்புள்ளியாக மின்னும். டைட்டானிய உறைக்குள் அயோடின்-125 அடைத்த விதையின் நீளம் சுமார் 4.5 மி.மீ. ஏறக்குறைய 60 நாளில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். டென்மார்க்கின் ஹோல்ம் குழுவினர் 1983இல் இம்முறையை வெளியிட்டனர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் இத்தகைய விதைகளைத் தயாரித்துள்ளது.

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்தில் புதுக்கோட்டை மக்களுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர்.

ஐம்பதைக் கடந்த ஆண்கள் சிறுநீர் கழிப்பதில் சிரமமோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.