திறமூல விளையாட்டுத் திட்டங்களில் வலை உருவாக்குநர் சேர்ப்பு

திறமூல விளையாட்டுத் திட்டங்களில் வலை உருவாக்குநர் சேர்ப்பு என்பது, மூலநிரலைப் பொதுவில் வைத்துக் கணினி விளையாட்டுகளை உருவாக்கும் குழுக்கள், தமது இணையத்தளப் பணிகளுக்கு வெவ்வேறு நாடுகளில் இருந்தபடியே பணியாற்றும் நிரலாளர்களைக் கண்டறிந்து சேர்த்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இக்குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அலுவலகம் கிடையாது. பங்களிப்போரில் பெரும்பாலோருக்கு ஊதியமும் கிடையாது. ஆகவே இது வணிக நிறுவனங்களின் ஆட்சேர்ப்பிலிருந்து வேறுபடுகிறது. நிறுவனத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்த பின்னரே பணி தொடங்குகிறது. திறமூலத் திட்டத்திலோ பணியைச் செய்து காட்டியவரே பின்னர்க் குழு உறுப்பினர் ஆகிறார்.

வலைப் பணிகளின் தேவை

கணினியில் நிறுவி ஆடப்படும் விளையாட்டுக்கும் இணையத்தில் பல துணை அமைப்புகள் தேவைப்படுகின்றன. பதிவிறக்கப் பக்கம், பயனர் மன்றம், விக்கி, வழுக்களைப் பதியும் தளம், மொழிபெயர்ப்புத் தளம், பலர் சேர்ந்து ஆடுவதற்கான வழங்கி ஆகியன அவற்றுட் சில. டேவிட் வைட் 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்னும் விளையாட்டில், பயனர்கள் உருவாக்கிய புதிய கதைத்தொடர்களை விளையாட்டின் உள்ளிருந்தே பதிவிறக்கிக்கொள்ள முடியும். இவ்வசதி, அத்திட்டம் நடத்தும் துணைநிரல் வழங்கியைச் சார்ந்துள்ளது.

இப்பணிகளுக்கு ஆள் கிடைப்பது எளிதன்று. விளையாட்டின் மீதுள்ள ஆர்வத்தால் வருவோர் பெரும்பாலும் வரைகலை, விளையாட்டுப் பொறி, கதை ஆகியவற்றில் பங்கேற்கவே விரும்புவர். வழங்கியைப் பராமரிப்பதும் மன்ற மென்பொருளை இற்றைப்படுத்துவதும் சரியாக நடக்கும்போது எவர் கண்ணிலும் படாத பணிகள். அவை நின்றுபோனால் மட்டுமே அவற்றின் முதன்மை புலப்படும். வெஸ்னாத் திட்டம் வழுப்பதிவுகளை வைத்திருந்த க்னா என்னும் பொதுத்தளம் 2017 ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, அப்பதிவுகளை கிட்ஹப் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இத்தகைய இடமாற்றத்தைச் செய்வதற்கு ஆள் இல்லாத திட்டம், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளை இழக்க நேரிடும்.

எடுத்துக்காட்டு: 0 ஏ.டி.

வைல்ட்ஃபயர் கேம்ஸ் என்னும் பன்னாட்டுத் தன்னார்வலர் குழு உருவாக்கிவரும் 0 ஏ.டி., பண்டைய நாகரிகங்களைக் கருப்பொருளாகக் கொண்ட வியூக விளையாட்டு ஆகும். இது முதலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் மாற்றுவடிவமாகத் திட்டமிடப்பட்டு, பின்னர்த் தனி விளையாட்டாக வளர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் இதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்படவில்லை. ஆகவே பங்களிக்க விரும்புவோர் முதலில் குழுவில் இடம்பெற வேண்டியிருந்தது. தன்னார்வலர் ஒருவர் விலகினால், அவரது இடத்தை நிரப்பக்கூடிய புதியவர்கள் நிரலை முன்னரே பார்த்திருக்க வாய்ப்பில்லை.

2009 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மூலநிரல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழும், கலைப்படைப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழும் வெளியிடப்பட்டன. முதல் ஆல்ஃபா பதிப்பு 2010 ஆகத்தில் வெளிவந்தது. இதன்பின் எவரும் நிரலைப் பதிவிறக்கி, திருத்தி, திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்ப முடிந்தது. 2024 ஆம் ஆண்டில் இத்திட்டம் தன் மூலநிரலை கிட் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றியது.

வலை உருவாக்குநர்களுக்கு இவ்விளையாட்டில் மற்றொரு வாயிலும் உண்டு. இதன் பொறி சி++ மொழியில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் பயனர் இடைமுகமும், போர், வேளாண்மை, கட்டடம் முதலியவற்றின் விதிகளும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டுள்ளன. அவற்றை இயக்குவது ஃபயர்பாக்ஸ் உலாவியில் பயன்படும் ஸ்பைடர்மங்கி பொறியே. எனவே இணையத்தளம் உருவாக்கப் பழகிய ஒருவர், சி++ அறியாமலேயே விளையாட்டின் உட்பகுதியைத் திருத்த முடியும்.

சேர்ப்பு முறை

திட்டத்துக்குத் திட்டம் விதிகள் வேறுபட்டாலும், பொதுவாகப் பின்வரும் படிநிலைகளைக் காணலாம்.

1. பணி விளக்கம்: "வலை உருவாக்குநர் தேவை" என்னும் பொதுவான அறிவிப்பு பயன் தருவதில்லை. "பதிவிறக்கப் பக்கம் கைபேசித் திரையில் சரியாகத் தெரியவில்லை; அதன் நடைதாளைத் திருத்த வேண்டும்" என்பது போன்ற குறிப்பான விளக்கம், படிப்பவர் தம்மால் இயலுமா எனத் தாமே முடிவுசெய்ய உதவுகிறது. ஊதியம் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறுவது முறை.

2. முதற்பணி: புதியவர்களுக்கு ஏற்ற சிறு வழுக்கள் தனிக் குறிச்சொல்லால் அடையாளப்படுத்தப்படுகின்றன. நேர்முகத் தேர்வின் இடத்தை இவை பெறுகின்றன. தளத்தின் படியைத் தம் கணினியில் இயக்கிப் பார்க்கும் வழிமுறை தெளிவாக எழுதப்படாவிட்டால் புதியவர் இங்கேயே நின்றுவிடக்கூடும்.

3. மீளாய்வு: அனுப்பிய திருத்தத்தை மூத்த உறுப்பினர் படித்துக் கருத்துரைப்பார். வாரக்கணக்கில் மறுமொழி கிடைக்காத புதியவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஆகவே விரைவான மீளாய்வே ஆட்சேர்ப்பின் முதன்மையான பகுதி எனலாம்.

4. எழுதும் உரிமை: ஏற்கத்தக்க பல திருத்தங்களைத் தொடர்ந்து அளித்தவருக்கு, மூலநிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை வழங்கப்படுகிறது.

தொலைநிலைப் பணி

பாரிசுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே பொதுவாக 9 மணி நேர வேறுபாடு உள்ளது. ஒருவர் படுக்கைக்குச் செல்லும் வேளையில் மற்றவரின் பிற்பகல் தொடங்கியிருக்கும். எனவே முடிவுகள் எழுத்தில் பதிவாக வேண்டும். உரையாடலில் மட்டும் எடுக்கப்பட்ட முடிவு, அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருந்தவருக்குத் தெரியாமலே போகும். ஆகவே தெளிவாக எழுதும் திறன், நிரல் எழுதும் திறனுக்கு இணையாக மதிக்கப்படுகிறது.

நிதி

0 ஏ.டி. 2010 ஆம் ஆண்டில் சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் இணைத்திட்டம் ஆனது. இவ்வமைப்பின் வழியாகத் திட்டம் நன்கொடை பெற முடிகிறது. 2013 ஆம் ஆண்டில் நிரலாளரைப் பணியமர்த்துவதற்காக இண்டிகோகோ தளத்தில் 1,60,000 அமெரிக்க டாலர் இலக்குடன் நிதி திரட்டப்பட்டது. ஏறத்தாழ 33,000 டாலர் கிடைத்தது. ஊதியத்தை மட்டும் நம்பி இத்தகைய திட்டத்தை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்றாகும்.

2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் மற்றொரு வழியாகும். இதில் பங்கேற்கும் புதியவர்களுக்கு கூகுள் உதவித்தொகை வழங்க, திறமூலக் குழுக்கள் வழிகாட்டிகளை அளிக்கின்றன. வெஸ்னாத் திட்டமும் இதில் பங்கேற்றுள்ளது. இத்திட்டத்தின் முதல் 10 ஆண்டுகளில் மிகுதியான மாணவர்கள் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோராவர். 2022 முதல் மாணவர் அல்லாதோரும் இதில் சேரலாம்.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

நேரில் காணாத ஒருவருக்கு வழங்கியின் கடவுச்சொல்லை அளிப்பது இத்திட்டங்களின் கடினமான முடிவாகும். பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள கோப்பை ஒருவர் மாற்றிவிட்டால், அதனை நம்பி நிறுவும் அனைவரது கணினிகளும் பாதிக்கப்படும்.

விளையாட்டுத் துறைக்கு வெளியே நிகழ்ந்த எக்ஸ்.இசட் நிகழ்வு இவ்விடரை வெளிப்படுத்தியது. அது பல லினக்ஸ் இயங்குதளங்களில் பயன்படும் தரவுச்சுருக்க மென்பொருள். தனியொருவராக அதனைப் பராமரித்து வந்தவர் மீது, பணி தாமதமாவதாகச் சிலர் அழுத்தம் கொடுத்தனர். 2021 முதல் பங்களித்து வந்த ஜியா டான் என்னும் பெயர்கொண்ட கணக்கு, படிப்படியாகப் பராமரிப்பு உரிமையைப் பெற்றது. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைவான பின்வாசல் ஒன்று சேர்க்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், 2024 மார்ச்சு 29 அன்று இதனை வெளிப்படுத்தினார்.

நற்பங்களிப்பு நம்பிக்கைக்குத் தேவையான ஒன்று; ஆனால் அது மட்டும் போதுமானதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. எனவே ஒவ்வொருவருக்கும் பணிக்கு வேண்டிய அளவு உரிமையை மட்டும் வழங்குதல், முதன்மையான மாற்றங்களை மற்றொருவர் சரிபார்த்தல், விலகியவரின் உரிமைகளை நீக்குதல் ஆகியன பின்பற்றப்படுகின்றன. மறுபுறம், ஆள்களப் பெயரும் கடவுச்சொற்களும் ஒருவரிடம் மட்டும் இருப்பதும் இடராகும். அவர் தொடர்பற்றுப் போனால் திட்டமே முடங்கும். ஆகவே குறைந்தது இருவரிடமாவது அவை இருத்தல் வேண்டும்.

விமர்சனங்கள்

ஊதியமற்ற பணி, ஓய்வு நேரமும் கணினியும் இணைய இணைப்பும் உள்ளோருக்கே வாய்ப்பளிக்கிறது என்னும் விமர்சனம் உண்டு. செய்து காட்டிய பின்னரே சேர்த்துக்கொள்ளும் முறையில், ஏற்கப்படாத உழைப்பு வீணாகிறது என்றும் கூறப்படுகிறது. இதற்கு மறுமொழியாக, பங்களிப்பு அனைத்தும் பங்களித்தவரின் பெயருடன் பொதுவில் நிலைத்திருப்பதும், பட்டமோ பணி அனுபவமோ இல்லாதவரும் தம் திறனைக் காட்ட இயல்வதும் சுட்டப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

திறமூல மென்பொருள்
கட்டற்ற மென்பொருள்
பதிப்புக் கட்டுப்பாடு
ஜாவாஸ்கிரிப்ட்