காக்க வேண்டிய கலங்களே நோயை வளர்க்கும்போது

ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் மன்னாரின் பேசாலையிலும் முருங்கனிலும் நானாட்டானிலும் வீட்டாரின் கவனிப்புக்குக் குறைவிருக்காது. உளுத்தங்களி கிண்டுவார்கள், நல்லெண்ணெயும் முட்டையும் குடிக்கக் கொடுப்பார்கள். அதே பிள்ளை இரண்டு வருடம் கழித்து, மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தால் கிடைப்பது இரண்டு பனடோலும் ஓர் ஆறுதல் வார்த்தையும்தான்: “கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாகும்.”

எல்லோருக்கும் சரியாவதில்லை. அந்த வலிக்குள் எண்டோமெற்றியோசிஸ் என்ற நோய் இருக்கலாம். கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் சூலகத்திலும் குடலின் மேலும் சிறுநீர்ப்பையின் அருகிலும் ஒட்டி வளர்வதே இந்நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர், அதாவது சுமார் 19 கோடிப் பேர், இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கலியாணம் முடித்த பின்னரும் வலி போகாமல், பிள்ளையும் தங்காமல் வைத்தியரிடம் போகும்போதுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரியவருகிறது.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் பத்மா லக்ஷ்மியின் கதையும் இதுவே. 13 வயதில் தொடங்கிய வலிக்கு 36 வயதில்தான் காரணம் தெரிந்தது. அவருடைய தாய் ஒரு தாதி. மருத்துவம் அறிந்த வீட்டிலேயே 23 வருடங்கள் போயிருக்கின்றன. 2009இல் அறுவைச் சிகிச்சை நிபுணர் தாமர் செச்கினுடன் சேர்ந்து பத்மா இந்நோய்க்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதே வருடம் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெண்நோய் ஆய்வு மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய பேராசிரியர் லிண்டா கிரிபித், தானும் இந்நோயால் பல சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டவர்.

நோயின் மூலம் பற்றிய பழைய விளக்கம் 1927இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்சன் சொன்னது. மாதவிடாய் இரத்தம் முழுவதும் வெளியேறுவதில்லை. கொஞ்சம் பலோப்பியன் குழாய்கள் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றறைக்குள் விழுகிறது, அதிலுள்ள கலங்கள் அங்கே வேர்பிடிக்கின்றன என்றார் அவர். ஆனால் பின்னோக்கிய இந்த ஒழுக்கு பத்தில் ஒன்பது பெண்களுக்கு இருப்பதாகப் பின்னர் தெரிந்தது. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான். மற்றவர்களின் வயிற்றில் விழுந்த கலங்களை அகற்றியது எது?

நிர்ப்பீடனத் தொகுதிதான். வயிற்றறைத் திரவத்தில் எப்போதும் மக்ரோபேஜ் என்னும் தின்கலங்கள் திரிகின்றன. இடம் மாறி வந்த கலங்களையும் இறந்த கலங்களையும் விழுங்குவது அவற்றின் வேலை. இயற்கைக் கொல்கலங்கள் என்ற இன்னொரு வகை, அந்நியமாகத் தெரியும் கலங்களை நேரடியாக அழிக்கும். எண்டோமெற்றியோசிஸ் உள்ள பெண்களில் இந்த இரண்டு வேலைகளும் குழம்பிவிடுகின்றன. கொல்கலங்களின் அழிக்கும் திறன் குறைந்திருப்பதை 1991இலேயே பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். தின்கலங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் அவை விழுங்குவது குறைகிறது.

விழுங்காவிட்டால் அவை என்ன செய்கின்றன என்பதுதான் நோயின் மையம். ஒட்டிக்கொண்ட இழையத்தை ஆற வேண்டிய புண்ணாகக் கருதி, அவை பராமரிக்கத் தொடங்குகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதற்கான புரதங்களைச் சுரக்கின்றன. நரம்பு முளைகளையும் தூண்டுகின்றன. நரம்புகளோ பதிலுக்கு மேலும் தின்கலங்களை அழைக்கின்றன. இந்த இருபக்க ஈர்ப்புக்குப் பின்னால் ஈஸ்திரோஜன் ஓமோன் இருப்பதை 2015இல் எடின்பரோ ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த இழையமும் தனக்கு வேண்டிய ஈஸ்திரோஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும். அழற்சி, ஓமோன், நரம்பு மூன்றும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பிள்ளை “குத்துது” என்று சொல்வது செல்லம் கொஞ்சுவதற்காக அல்ல. அங்கே உண்மையிலேயே புதிய நரம்புகள் முளைத்திருக்கின்றன.

கிரிபித்தின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கமிருந்து பார்த்தது. நோயாளிகளின் வயிற்றறைத் திரவத்தில் கலங்கள் பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைப் புரதங்களை அளந்தபோது, ஒரு பகுதிப் பெண்களில் 13 புரதங்கள் ஒன்றாக உயர்ந்திருந்தன. தின்கலங்களின் தூண்டப்பட்ட நிலையே அதன் பின்னணி. கண்ணுக்குத் தெரியும் கட்டியின் அளவோ இடமோ மட்டும் இந்தப் பெண்களைப் பிரித்துக் காட்டவில்லை. சின்னப் புள்ளிபோன்ற திட்டு உள்ளவர் துடிப்பதும், சூலகத்தில் பெரிய சொக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய கட்டி) உள்ளவர் வலி தெரியாமல் நடமாடுவதும் வைத்தியர்கள் அடிக்கடி காண்பவை. “கட்டி சின்னது, வலி எப்படி இவ்வளவு?” என்று கேட்பது நியாயமில்லை.

அப்படியென்றால் நிர்ப்பீடனத்தை அடக்கிவிட்டால் போதாதா? முயன்றிருக்கிறார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்பிளிக்சிமாப் மருந்தைப் பரிசோதித்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் வலி குறையவில்லை. 2021இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது. கருப்பை உட்படையிலிருந்து வந்த தின்கலங்களை நீக்கியபோது திட்டுகள் சிறுத்தன. இரத்தத்திலிருந்து புதிதாக வரும் கலங்களைத் தடுத்தபோதோ திட்டுகள் அதிகரித்தன. ஒரே பெயருள்ள கலங்களில் சில நோயை வளர்க்கின்றன, சில எதிர்க்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக முடக்கும் மருந்து இங்கே உதவாது.

ஆகவே இன்றைய சிகிச்சை ஓமோனைச் சுற்றியே இருக்கிறது. டயனோஜெஸ்ட் மாத்திரை, கருத்தடை மாத்திரை, ஓமோன் சுரக்கும் லூப் ஆகியவை வலியைக் கட்டுப்படுத்தும். தேவைப்பட்டால் லப்பிரஸ்கோப்பி என்ற சிறுதுளைச் சத்திரசிகிச்சை மூலம் திட்டுகள் அகற்றப்படும். குழம்பிய கலங்களை இவை திருத்துவதில்லை. அதனால்தான் மாத்திரையை நிறுத்தினாலும், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் நோய் மீண்டும் தலைதூக்கலாம்.

மன்னாரில் இதை எங்கே போய்ச் சொல்வது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லலாம். ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகலாம். ஸ்கானில் சூலகத்துச் சொக்லேட் கட்டி தெரியும். மேலோட்டமான திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. லப்பிரஸ்கோப்பி செய்துதான் நோயை உறுதிப்படுத்த வேண்டும் என்ற பழைய நிலைப்பாட்டை 2022இல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் மாற்றிவிட்டது. அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டிய குடும்பங்களுக்கு இந்த மாற்றம் பெரிது.

போகும்போது கலண்டரையும் கொண்டுபோவது நல்லது. வலித்த நாட்கள், பாடசாலைக்குப் போகாத நாட்கள், பனடோலுக்கு அடங்காத நாட்கள், மாதவிடாயின்போது மலம் அல்லது சிறுநீர் கழிக்கையில் வந்த வலி, திருமணமானவர் என்றால் உறவின்போது வரும் வலி என எல்லாவற்றையும் குறித்திருந்தால், கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் வைத்தியருக்கு விஷயம் புரிந்துவிடும்.