ஜாமீன் நின்றவரின் பணம் திரும்புமா?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கல்யாண உறவும் கடை வியாபாரமும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்து மச்சினனுக்கு இந்தப் பக்கத்து அத்தான் ஜாமீன் போடுவது இங்கே புதிதல்ல.

1969-இல் கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் நடத்தும் சிட்டி என்ற சீட்டில், தொகையை முன்கூட்டி எடுப்பவர் மீதித் தவணைகளுக்குப் பிணை காட்ட வேண்டும். பத்திரமோ தங்கமோ இல்லாதவர் சம்பளக்கார உறவினரைத் தேடிப் போகிறார். தவணை நின்றால் ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் வரும். நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க 1968-இன் வருவாய் மீட்புச் சட்டம் இருக்கிறது.

“வாங்கினவனை முதல்ல பிடியுங்க” என்ற வாதம் எடுபடாது. பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே அதைத் தள்ளிவிட்டது.

கட்டிய பணத்தைக் கடனாளியிடம் கேட்கும் உரிமையை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு தருகிறது. எழுதி வாங்கியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் முறையாகக் கட்ட வேண்டியிருந்த தொகை மட்டுமே திரும்பும். சட்டமே ஓர் அரிசி வியாபாரத்தை உதாரணம் காட்டுகிறது: 2,000 ரூபாய் வரை ஜாமீன் நின்றவர், அதைவிடக் குறைந்த விலைக்கே அரிசி போயிருந்தும் முழுத்தொகையைக் கட்டினால், அரிசியின் விலைக்கு மேல் கேட்க முடியாது. ஆகவே கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. ரசீதிலும் கட்டியவர் ஜாமீன்தாரர் என்று எழுதச் சொல்ல வேண்டும். கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். சொந்தக்காரன்தானே, மெல்லத் தருவான் என்று காத்திருந்தே பலர் அந்தக் கெடுவைத் தொலைக்கிறார்கள்.

கடன் கொடுத்தவர் கையில் இருந்த அடமானமும், முழுக்கடனையும் அடைத்த ஜாமீன்தாரருக்கு வந்து சேரும். கடன் கொடுத்தவர் அதைத் தொலைத்தால் நட்டம் அவருக்கே. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் மீதான 1968 தீர்ப்பில், அடகுச் சரக்கு 35,690 ரூபாய்க்குக் குறைந்ததால் அந்த அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபட்டார். கூட்டு ஜாமீன் என்றால், தன் பங்குக்கு மேல் கட்டியதை மற்றவர்களிடமும் கேட்கலாம்.

எல்லைதான் பெரிய சிக்கல். அரசுப் பாக்கிக்கு 1890-இன் மத்தியச் சட்டப்படி ஒரு கலெக்டர் இன்னொரு மாவட்டக் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பினால் போதும். ஜாமீன்தாரரோ சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பணம் கட்டிய இடம் நெய்யாற்றின்கரை என்றால் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். கடனாளியின் சொத்து விளவங்கோட்டில் இருந்தால், கிடைத்த தீர்ப்பாணையை அங்குள்ள கோர்ட்டுக்கு மாற்றித்தான் நிறைவேற்ற முடியும். வாங்காத கடனைக் கட்டியவரை இப்படி இரண்டு மாநிலங்களிலும் அலையவிடுவது அநியாயம்.

தீர்ப்பு கிடைத்தாலும் கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். ஆகவே நிலம்தான் நம்பிக்கை. தீர்ப்புக்கு முன்பே கடனாளி அதை விற்கப் பார்த்தால், வில்லங்கச் சான்றோடும் விற்பனைப் பேச்சுக்கான ஆதாரத்தோடும் போய், முன்கூட்டிய ஜப்தி உத்தரவு கேட்கலாம்.